பக்கத்து நாடுகளில் வியாபாரம்: சிங்கப்பூர்த் தமிழ் வணிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்து பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்காக எழுதியது இது. மசாலா, பலகாரம், துணிமணி, மென்பொருள், கணக்கு எழுதித் தருவது என்று தொழில் எதுவாக இருந்தாலும் சரி, சிங்கப்பூரில் கடையை வைத்துக்கொண்டு பக்கத்து நாட்டில் வாடிக்கையாளர் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. என் பிழைப்பு உணவுப் பொருள் வியாபாரம். உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் முதலில் தொடங்குவது? பெரிய சந்தைக்கே நேராகப் போய்விடலாமா?

2024 கணக்குப்படி சீனாவின் பொருளியல் 18 டிரில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல். ஜப்பானும் இந்தியாவும் தலா 4 டிரில்லியனை ஒட்டி நிற்கின்றன. இந்தோனீசியா சுமார் 1.4 டிரில்லியன். சிங்கப்பூர் அரை டிரில்லியன் சொச்சம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் வரிசையே மாறிவிடும். சிங்கப்பூரில் 80,000 டாலருக்கு மேல், தென்கொரியாவிலும் ஜப்பானிலும் 30,000க்கு மேல், சீனாவில் சுமார் 13,000, மலேசியாவில் சுமார் 12,000, தாய்லாந்தில் சுமார் 7,000, இந்தோனீசியாவிலும் வியட்னாமிலும் 5,000க்குச் சற்றுக் கீழே, இந்தியாவில் 3,000க்கும் கீழே.

ஆனால் சராசரி மனிதர் யாரும் கடைக்கு வந்து பொருள் வாங்குவதில்லை. ஜகார்த்தாவின் சுதிர்மான் சாலை அலுவலகங்களில் வேலை பார்ப்பவர் காப்பிக்குக் கொடுக்கும் காசு ராஃபிள்ஸ் பிளேஸ்காரர் கொடுப்பதற்கு ரொம்பக் குறைவில்லை. அதே நாட்டில் வேறொரு தீவில் உங்கள் பாக்கெட்டின் விலை ஒரு நாள் கூலியாக இருக்கும். அதனால் நகரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்னும் சரியாகச் சொன்னால், ஏற்கெனவே எந்த ஊரிலிருந்து யாராவது உங்களைத் தேடி வந்து விலை கேட்டாரோ அங்கே தொடங்குங்கள். கேட்காத ஊரில் கடை விரிப்பது பெரிய முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகும்.

பயிற்சி வகுப்புகளில் நாட்டுக்கு நாடு கலாசார மதிப்பெண் போட்டுக் காட்டுகிறார்களே, அது உதவுமா?

கொஞ்சம் உதவும். அந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவற்றின் மூலம் ஹோஃப்ஸ்டீட் என்ற டச்சு ஆய்வாளர். 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்விலிருந்து தொடங்கிய வேலை அது. நிச்சயமில்லாத நிலையைக் கண்டு தயங்கும் குணத்தில் அவர் ஜப்பானுக்கு 92 கொடுத்தார், சிங்கப்பூருக்கு வெறும் 8. பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் சேர்க்க எத்தனையோ வருடம் முன்பே திட்டம் போடும் நம்மூர்ப் பெற்றோரைப் பார்த்தவர்களுக்கு இந்த 8 சிரிப்பை வரவழைக்கும்.

என் அனுபவம் வேறு. ‘அவங்க கலாசாரம் அப்படி’ என்று நாம் தள்ளிவிடும் விஷயங்களில் பாதிக்கு மேல் கலாசாரமே இல்லை. சட்டம், வங்கி விதி, கடன் தவணை, விடுமுறை, இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். தாய்லாந்துக் கூட்டாளி கம்பெனியில் பெரும்பங்கு தனக்கு வேண்டும் என்றால் பேராசை என்று நினைக்கிறோம். அங்கே 1999ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் வணிகச் சட்டம் பல சேவைத் தொழில்களில் வெளிநாட்டவர் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்க அனுமதி வாங்கச் சொல்கிறது. சீனக் கணக்காளர் பணத்தை இழுத்தடித்தால் நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறோம். அரசு முறைப்படியான வரி ரசீது கைக்கு வராமல் அவரால் அந்தச் செலவைக் கணக்கில் காட்ட முடியாது. முதலில் இதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் புரியாமல் மிச்சம் இருந்தால் கலாசாரத்துக்குப் போகலாம்.

மலேசியா நம்ம ஊர் மாதிரிதானே? தனியாகப் படிக்க என்ன இருக்கிறது?

மொழி, சாப்பாடு, ஆட்கள் எல்லாம் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தால்தான் கவனம் குறைகிறது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. கெடா, கிளந்தான், திரங்கானுவில் இன்னும் வெள்ளி, சனிதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு அலோர் ஸ்டாரிலிருந்து போன் வந்தால் எரிச்சல்படாதீர்கள், அவருக்கு அது வாரத்தின் முதல் நாள்.

வரியும் வேறு. இங்கே நாம் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டுகிறோம், பதிவு செய்த நிறுவனம் தான் கொள்முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். மலேசியா அந்த முறையை 2018இல் ரத்து செய்துவிட்டு விற்பனை வரி, சேவை வரி என்ற பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. சேவை வரி 2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு 8 விழுக்காடு. விற்பனை வரி தயாரிப்பிலோ இறக்குமதியிலோ ஒருமுறை விழும், அதைத் திரும்பக் கேட்க வழியில்லை, அப்படியே விலையில் ஏறிவிடும். இங்குள்ள விலைப் பட்டியலை மூன்று சொச்சத்தால் பெருக்கி ரிங்கிட்டில் அனுப்புவது கணக்கே ஆகாது.

கம்பெனி பதிவு செய்வதானால் மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரத்துக்கான உடன்பாடு 2025 ஜனவரியில் கையெழுத்தானதிலிருந்து கிடங்கையும் பொட்டலம் கட்டும் வேலையையும் அந்தப் பக்கம் கொண்டுபோகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாடகையும் கூலியும் குறையும். ஆனால் பாலத்தில் லாரி நிற்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் இன்னொன்று. கிள்ளான், ஈப்போ, பினாங்கு என்று எங்கே போனாலும் தமிழ் மொத்த வியாபாரி ‘அண்ணே, அடுத்த லோடுல சேர்த்துக் குடுத்துடறேன்’ என்பார். அவர் பெரும்பாலும் கொடுத்தும் விடுவார். எத்தனை நாள் தவணை என்பதை மட்டும் தாளில் எழுதிவிடுங்கள். உறவு கெடாமல் இருக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தோனீசியாவில் எல்லோரும் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். ஒப்பந்தத்தை எப்படி உறுதி செய்வது?

முதலில் ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். இந்தோனீசியத் தரப்பு இருக்கும் ஒப்பந்தங்களில் இந்தோனீசிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம் செல்லாது என்று மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் 2015இல் அதை உறுதி செய்தது. அன்றிலிருந்து விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் ஒரு மொழி என்று அச்சடிக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்குச் சில நூறு வெள்ளி செலவாகும். அதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

உணவுப் பொருள் என்றால் வேலை இன்னும் அதிகம். அந்நாட்டு உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான பிபிஓஎம்மில் பதிவு செய்ய வேண்டும். இறக்குமதிப் பொருளுக்கு எம்எல் என்று தொடங்கும் எண் கிடைக்கும், அது லேபிளில் இருக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஹலால் சான்றிதழ் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. உணவு, பானங்களுக்கு 2024 அக்டோபர் 17 கெடுவாக இருந்தது. இறக்குமதிப் பொருட்களுக்கும் மிகச் சிறிய உள்ளூர்த் தொழில்களுக்கும் 2026 அக்டோபர் வரை தள்ளிவைத்தார்கள். நம்மூர் இஸ்லாமியச் சமய மன்றமான முயிஸ் தரும் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் சான்றிதழை அங்கே பதிவு செய்வதற்கென்று தனி நடைமுறை உண்டு. ஹலால் அல்லாத பொருளை விற்கத் தடை இல்லை, ஆனால் அப்படி என்று பொட்டலத்தில் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் லெபாரான், அதாவது நோன்புப் பெருநாள். பெருநாளுக்கு ஏழு நாள் முன்னதாக ஊழியர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் பெருநாள் படியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். அதே நேரம் கடைகள் சரக்கை நிரப்பி வைத்திருக்கும். மொத்த வியாபாரியின் காசு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. அப்போது பில்லைக் காட்டிக் கேட்டால் சிரிப்புத்தான் கிடைக்கும். நோன்பு தொடங்குவதற்கு முன்பே வசூலை முடித்துவிடுங்கள்.

ஜப்பானியர்கள் ஒரு முடிவு சொல்ல ஏன் இத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்?

உங்களோடு கூட்டத்தில் உட்காருபவர் தனியாக முடிவெடுப்பவர் இல்லை. ஒரு காகிதம் துறை துறையாகச் சுற்றி, எல்லோர் முத்திரையும் விழுந்த பிறகுதான் பதில் வரும். எதிர்ப்பு இருந்தால் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசித் தீர்த்துவிடுவார்கள். அதனால் கூட்டத்தில் வாதாடி ஜெயிக்க ஒன்றும் இருக்காது. கூட்டத்துக்கு முன்னும் பின்னும் அவர்கள் கேட்கும் விவரத்தைக் கொடுப்பதுதான் வேலை.

ஒசாகாவில் ஒரு மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் எங்கள் முறுக்குப் பாக்கெட்டை வைத்தோம். மூன்று பேர் வந்தார்கள். எங்கள் பெயர் அட்டைகளை நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படியே மேசையில் அடுக்கினார்கள். பாக்கெட்டை உடனே யாரும் பிரிக்கவில்லை. ஒருவர் அளவுகோலை எடுத்து மேல் ஓரத்தில் ஒட்டிய பட்டையின் அகலத்தை நான்கு இடத்தில் அளந்து எழுதிக்கொண்டார். அடுத்தவர் எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வருகிறது, ஆலை மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள் என்று கேட்டார். முறுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது அடுத்த கூட்டத்துக்கான விஷயம் என்று பிறகுதான் தெரிந்தது.

இதிலும் பாதி சட்டம்தான். பூச்சிமருந்து எச்சத்துக்கு அங்கே 2006 முதல் நடப்பில் இருக்கும் முறையில், தனி வரம்பு குறிப்பிடப்படாத மருந்துக்கு 0.01 பிபிஎம்தான் உச்சம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்). கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் விற்கிறவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய எட்டுப் பொருட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது கட்டாயமாக இருந்து வந்திருக்கிறது. வேர்க்கடலை, கோதுமை, பாலோடு வால்நட்டும் அதில் அடக்கம். இந்தப் பட்டியல் அவ்வப்போது நீளும் என்பதால் அச்சடிக்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், உள்ளே நுழைந்துவிட்டால் நிம்மதி. மாதக் கடைசியில் கணக்கை மூடி அடுத்த மாதக் கடைசியில் பணம் என்பது அங்கே பரவலான வழக்கம். அந்தத் தேதியில் பணம் வங்கியில் இருக்கும்.

தென்கொரியாவும் அப்படித்தானா?

இல்லை. மேலே இருப்பவர் சரி என்றால் மறுநாளே வேலை தொடங்கிவிடும், உங்களிடமும் அதே வேகத்தை எதிர்பார்ப்பார்கள். வெள்ளி மாலை கேட்ட விலைக்குத் திங்கள் மதியம் பதில் சொன்னால் தாமதம். வயதும் பதவியும் பார்க்கப்படும், பெயரைவிடப் பதவியைச் சொல்லி அழைப்பதே வழக்கம். ‘மேனேஜர் சார்’ என்று பழகிய நமக்கு இதில் சிரமம் இல்லை. செய்தியெல்லாம் காக்காவ்டாக் என்ற செயலியில்தான் ஓடும்.

சீனாவில் சரக்கு வாங்குகிறேன், விற்கவும் ஆசை. எதில் கவனம் வேண்டும்?

முத்திரையில். கையெழுத்தைவிட, நிறுவனத்தின் பதிவு செய்யப்பட்ட வட்டச் சிவப்பு முத்திரைக்குத்தான் அங்கே மதிப்பு. பொது முத்திரை, நிதி முத்திரை, ஒப்பந்த முத்திரை, ரசீது முத்திரை என்று தனித்தனியாக உண்டு. சொந்தமாகக் கம்பெனி திறந்தால் முத்திரை யார் அலமாரியில் இருக்கிறது என்பதே கம்பெனி யார் கையில் இருக்கிறது என்பதற்கு விடை. கூட்டாளியோடு சண்டை வந்து, முத்திரை அவர் பெட்டியில் மாட்டிக்கொண்டு முடங்கிப்போன கதைகள் நிறைய.

அடுத்தது வணிகச் சின்னம். யார் முதலில் பதிவு செய்கிறாரோ அவருக்குத்தான் உரிமை. இத்தனை வருடம் சிங்கப்பூரில் விற்றேன் என்பது அங்கே பொதுவாக எடுபடாது. இந்தோனீசியாவிலும் வியட்னாமிலும் இதே நிலைதான். மாட்ரிட் ஒப்பந்த முறையில் இங்கே சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். சீனா, ஜப்பான், கொரியா, இந்தியா, வியட்னாமோடு தாய்லாந்து 2017இலும் இந்தோனீசியா 2018இலும் மலேசியா 2019இலும் அதில் சேர்ந்துவிட்டன. கண்காட்சியில் மேசை போடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பும் கூகலும் அங்கே தடை. கூகல் டிரைவில் விலைப் பட்டியலைப் போட்டு இணைப்பு அனுப்பிவிட்டு, இரண்டு வாரமாகப் பதில் இல்லை என்று புலம்புகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். வீசாட் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள்.

வியட்னாம் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

1986இல் பொருளியல் சீர்திருத்தம் தொடங்கி, 2007இல் உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்து, மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டிய நாடு. பேசத்தான் செய்வார்கள். நமக்குப் பழைய தொடர்பும் இருக்கிறது. முதல் வியட்னாம்–சிங்கப்பூர்த் தொழிற்பேட்டை 1996இல் பின் டுவோங்கில் தொடங்கியது. அந்த மாநிலமே 2025 ஜூலையில் ஹோ சி மின் நகரோடு இணைக்கப்பட்டுவிட்டது. நாடு முழுவதும் 63 ஆக இருந்த மாநிலங்களும் நகரங்களும் 34 ஆகிவிட்டன. பழைய ஒப்பந்தத்திலும் பில்லிலும் இருக்கும் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள், சுங்கத்தில் காகிதம் பொருந்தாமல் நிற்க வேண்டாம்.

பிலிப்பீன்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே ஆங்கிலம் போதும், செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் வியாபாரம் தொடங்கிவிடும், அதற்கு முன் சரக்கு போய்ச் சேர வேண்டும்.

இந்தியா நம்ம ஆட்கள்தானே? தமிழிலேயே பேசிக்கொள்ளலாமே?

பேசலாம். அதில்தான் சிக்கலும் தொடங்குகிறது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் ‘பாத்துக்கலாம் சார், நீங்க கவலைப்படாதீங்க’ என்றால் நமக்கு வீட்டுக்கு வந்தது போல இருக்கும். அவர் எந்த விலையும் சொல்லவில்லை, எந்தத் தேதியும் கொடுக்கவில்லை என்பது சாங்கியில் வந்து இறங்கிய பிறகுதான் உறைக்கும். ஜப்பானியர் நேரடியாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள் என்று வகுப்பெடுக்கிறோம். கடனாகச் சரக்குக் கேட்டு வந்தவரிடம் நாம் எப்போது நேரடியாக இல்லை என்று சொல்லியிருக்கிறோம்?

சேவை விற்கிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய நிறுவனம் உங்கள் தொழில்நுட்பச் சேவைக்குப் பணம் அனுப்பும்போது வரியைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். இரு நாட்டு இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டின்படி இந்த வகைக் கட்டணத்துக்கு அது 10 விழுக்காடு. அந்த விகிதம் கிடைக்க, நீங்கள் சிங்கப்பூரில் வரி கட்டும் நிறுவனம் என்ற சான்றிதழை இங்குள்ள உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் வாங்கிக் கொடுக்க வேண்டும், கூடவே இந்திய வருமான வரித்துறை கேட்கும் படிவமும். இவை இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள். ‘நூறு அனுப்பச் சொன்னால் எழுபத்தைந்துதான் வந்தது, ஏமாத்திட்டாங்க’ என்று ஒரு நண்பர் கொதித்தார். யாரும் ஏமாற்றவில்லை, காகிதம் போகவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை வேறு, அலுவலக மொழி வேறு, பேரம் பேசும் முறையும் வேறு. திருப்பூர்க்காரரோடு ஒத்துப்போன முறை சூரத்காரரிடம் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச் கடைசி வாரத்தில் எந்தக் கணக்காளரும் உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார்.

பேநவ்–யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது. அது தனிநபர்கள் ஊருக்குக் காசு அனுப்புவதற்கு. அதில் வியாபாரப் பணத்தை ஓட்டலாமா என்று கேட்காதீர்கள்.

ஈரோட்டு மஞ்சளை இங்கே கொண்டுவந்து பொட்டலம் கட்டி ஆசியான் நாடுகளுக்கு வரியில்லாமல் அனுப்பலாமா?

முடியாது. ஆசியான் சரக்கு வர்த்தக உடன்பாட்டின் சலுகை ஆசியானில் உருவான பொருளுக்குத்தான். பொதுவான விதிகளில் ஒன்று, விலையில் 40 விழுக்காடாவது இந்த வட்டாரத்தில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும் என்பது. துவாஸ் கிடங்கில் மூட்டையைப் பிரித்துப் பாக்கெட்டில் போடுவது உற்பத்தி ஆகாது. படிவம் டி என்ற மூலச் சான்றிதழ் அதற்குக் கிடைக்காது. ஆசியான்–இந்தியா உடன்பாட்டுக்கு வேறு படிவம், வேறு விதி. ஆர்செப் என்ற வட்டார வர்த்தக உடன்பாட்டையும் சிலர் கேட்கிறார்கள். 2022இல் நடப்புக்கு வந்த அதில் 15 நாடுகள் உண்டு, இந்தியா இல்லை. பேச்சுவார்த்தையிலிருந்து 2019இலேயே விலகிவிட்டது.

விலையை எந்த நாணயத்தில் சொல்வது?

சிங்கப்பூர் வெள்ளியிலோ அமெரிக்க டாலரிலோ சொல்லுங்கள். உள்ளூர்ப் பணத்தில்தான் வேண்டும் என்று வாங்குபவர் அடம்பிடித்தால், அந்த விலை எத்தனை நாள் செல்லும் என்று பட்டியலின் அடியில் எழுதுங்கள். ஜகார்த்தாவில் வயதான முதலாளிகள் டாலர் கணக்கிலேயே பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1997 நடுவில் ஒரு டாலருக்கு 2,400 ருப்பியா அளவில் இருந்தது அடுத்த ஆண்டு 15,000ஐத் தாண்டியது. அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் இந்தோனீசியாவுக்குள்ளும் வியட்னாமுக்குள்ளும் நடக்கும் விற்பனைக்கு அந்தந்த நாட்டுப் பணத்தில்தான் விலை போட வேண்டும் என்று சட்டம். எல்லை தாண்டும் பில் வேறு, அங்கே கடையில் ஒட்டும் விலைச்சீட்டு வேறு.

நான் சைவம், குடிப்பதும் இல்லை. விருந்தில் என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை. சீனாவிலும் கொரியாவிலும் முதல் கோப்பையிலேயே தேநீரைத் தூக்கி வாழ்த்துச் சொன்னால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு கோப்பை குடித்துவிட்டு மூன்றாவதை மறுத்தால்தான் மனக்கசப்பு. கொரியாவில் மூத்தவருக்கு ஊற்றும்போதும் அவர் ஊற்றும்போதும் இரண்டு கையையும் பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டில் ஜப்பான்தான் கடினம். காய்கறி மட்டும் என்று கொண்டுவந்து வைக்கும் குழம்பிலும் கருவாட்டுச் சாறு இருக்கும். தாய்லாந்திலும் வியட்னாமிலும் மீன் சாறு. ஆனால் அங்கே வழி உண்டு. தாய்லாந்தில் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் பலகை தொங்கும் ஜே உணவுக்கடையைத் தேடுங்கள். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. வியட்னாமில் சாய் என்று எழுதிய கடைகள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூட்டமாக இருக்கும். விருந்தளிப்பவரே அங்கே அழைத்துப்போய்விட்டால் அவருக்கும் சங்கடம் இல்லை.

‘அங்கே எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்கிறார்கள். கொஞ்சம் கொடுத்தால் என்ன?

சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்துக்கும் நம்மூர் ஊழல் தடுப்புச் சட்டம் பொருந்தும். ஐந்தாண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம். ஏஜெண்ட் வழியாகப் போனாலும் தப்பிக்க முடியாது. ‘ஏற்பாட்டுக் கட்டணம்’ என்று ஏஜெண்ட் ஒரு வரி போட்டு பில் அனுப்பினால் எதற்கு, யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் பெரும்பாலும் அந்த வரி காணாமல் போய்விடும்.

பண்டிகைப் பரிசு வேறு விஷயம். அதிலும் தென்கொரியாவில் அரசு ஊழியர், ஆசிரியர், செய்தியாளருக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக்கும் பரிசுக்கும் 2016 சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது.

அங்கே நம் ஆளை வைக்க வேண்டுமா, ஏஜெண்ட் போதுமா?

அந்தக் காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கூடங்கள்) இருந்த நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சொந்த ஆளைத்தான் அனுப்பினார்கள். சுமார் மூன்றாண்டுத் தவணை, அது முடிந்ததும் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த வசதி நமக்கு இல்லை, இப்போது வேலை அனுமதிச் செலவே தலைக்கு மேல் போகும். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஏஜெண்ட் போதும். ஆனால் நாடு முழுவதற்கும் தனி உரிமை என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நகரம், ஒரு வருடம், இத்தனை பெட்டி விற்றால் நீட்டிப்பு என்று எழுதுங்கள். பொருள் பதிவு எண்ணை ஏஜெண்ட் தன் பெயரில் எடுக்கும் நாடுகளில், பிரியும்போது அது யாருக்குப் போகும் என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும்.

பணம் வராவிட்டால் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஜகார்த்தாவில் ஒன்றும் செய்ய முடியாது. இந்தோனீசிய நீதிமன்றங்கள் வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்றித் தருவதில்லை. நடுவர் மன்றத் தீர்ப்புக்கு 1958 நியூயார்க் உடன்படிக்கை இருப்பதால் இந்தோனீசியா, இந்தியா, சீனா, வியட்னாம் எல்லாம் அதை ஏற்கும் நாடுகள். 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்தை ஒப்பந்தத்தில் குறிப்பிடச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இருபதாயிரம் வெள்ளி பில்லுக்கு நடுவர் மன்றம் போனால் செலவு பில்லை விழுங்கிவிடும். அந்த அளவு வியாபாரத்துக்கு முன்பணம்தான் பாதுகாப்பு. முதல் ஆர்டருக்கு முழுப் பணம், இரண்டாவதுக்குப் பாதி, அப்புறம் முப்பது நாள் தவணை. பெரிய சரக்கு என்றால் வங்கிக் கடனுறுதிக் கடிதம் கேளுங்கள். கேட்பதால் கோபித்துக்கொள்ளும் வாடிக்கையாளரை எந்த நாட்டிலும் அதிகம் பார்த்ததில்லை.

அரசாங்க மானியம் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். புதுச் சந்தைக்குப் போகும் சிறிய நிறுவனங்களுக்கு என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் சந்தை ஆயத்த உதவித் திட்டம் இருக்கிறது. கண்காட்சி, சட்ட ஆலோசனை, விளம்பரம் போன்ற செலவுகளில் ஒரு பங்கை அது ஏற்கும். விகிதமும் உச்சவரம்பும் வரவுசெலவுத் திட்டத்தில் மாறும், விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்காட்சிக்கு மேசை பதிவு செய்து பணம் கட்டிவிட்டு வந்து விண்ணப்பித்தால் கிடைக்காது, விண்ணப்பம் முதலில் போக வேண்டும். படிவத்தை நிரப்பித் தருகிறேன் என்று மானியத்தில் பங்கு கேட்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமலே நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் சிங்கப்பூர் இந்திய வர்த்தக, தொழிற்சபையில் கேளுங்கள்.